பாதியில் அறுந்த படம்

கோப்பு அனுப்பும் மென்பொருள் செய்கிற சின்ன நிறுவனம் ஒன்றில், மைசூரில், சௌஜன்யா வேலை பார்த்தாள். மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் சிர்சியிலிருந்து போன் வந்தது. பேசியவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் திம்மப்ப ஹெக்டே.

"என்ன மேடம் சாஃப்ட்வேர் இது? கல்யாணப் படமெல்லாம் ஹூப்ளி அச்சகத்துக்கு அனுப்பினோம். ஆல்பம் வந்தா, தாரை வார்க்கிற படத்துல கையே இல்ல! மார்புக்குக் கீழ சாம்பல் பூசின மாதிரி இருக்கு. பொண்ணோட அப்பா கடையில வந்து ஆடித் தீர்த்துட்டாரு."

"உங்க பக்கம் லைன் அறுந்திருக்கும் சார்." எல்லாருக்கும் சொல்கிற பதில்தான்.

"அறுந்தா சொல்லணுமில்ல? எல்லாம் போயிடுச்சுன்னுதான் காட்டிச்சுன்னு எங்க கடையில வேலை பார்க்கிற நேத்ராவதி சத்தியம் பண்றா. பாதியில மெஷினை அணைச்சுட்டுப் புளுகுறா. கம்ப்யூட்டர் பக்கமே வராதேன்னுட்டேன். இப்ப பிரேம் துடைச்சிட்டிருக்கா."

போனை வைத்த பிறகும் சௌஜன்யாவுக்கு வேலை ஓடவில்லை. பார்த்தேயிராத அந்தப் பெண் மனதில் உறுத்தினாள். ஒரு பெரிய படத்தை அனுப்ப விட்டு, பாதியில் ஒயரைப் பிடுங்கினாள். கொஞ்சம் பொறுத்துச் செருகினாள். மென்பொருள் தானாகவே மறுபடி இணைந்தது. 'அனைத்தும் அனுப்பப்பட்டது' என்றது. மறுமுனையில் போய்ப் பார்த்தால் பாதிப் படம்தான் கிடந்தது.

நிரலைத் திறந்து பார்த்தாள். இணைப்பு திரும்பி வந்ததும், அங்கே அதே பெயரில் படம் இருக்கிறதா என்று மட்டும் மென்பொருள் பார்த்தது. முழுதாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இருந்தால் போதுமென்று அடுத்த படத்துக்குத் தாவிவிட்டது. அந்தப் பகுதியை எழுதியவளும் அவளேதான்.

இரு முனையிலும் அளவை ஒப்பிட்டு, குறைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி மாற்றினாள். முதலாளி நாகேந்திராவிடம் சொன்னாள்.

"சரி பண்ணிட்டேல்ல? சத்தமில்லாம அனுப்பிடு. நாமளே போய் ஏன் மாட்டிக்கணும்?"

"அங்க ஒரு பொண்ணுக்குப் புளுகுணின்னு பேரு வந்துடுச்சு சார்."

அவர் தலையைச் சொறிந்தார். "ஹெக்டே சண்டைக்கு வந்தா நீயே பேசிக்கோ, தாயே."

ஹெக்டே சண்டைக்கு வரவில்லை. சௌஜன்யா போனில் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஏ நேத்ரா, இங்க வாம்மா" என்று கூப்பிடுவது கேட்டது.

"தப்பு எங்களுதுதான் நேத்ராவதி. நீ சொன்னது நிஜம்" என்றாள் சௌஜன்யா.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அக்கா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடறேன். கடையில ஆளுங்க இருக்காங்க."

சௌஜன்யா மறுபடி, சற்று உரக்கவே சொன்னாள். யாரோ சிரித்தார்கள். ஹெக்டே தொண்டையைச் செருமினார்.

திருத்திய மென்பொருளில் நேத்ராவதியே படங்களைத் திரும்ப அனுப்பினாள்; மழையில் லைன் அன்றும் அறுந்தது. "அக்கா, 'பாதியில் நின்றது, தொடர்கிறது'ன்னு வருது!" என்று நேத்ராவதி கூவினாள். சாயங்காலத்துக்குள் கைகளோடு முழுப் படமும் ஹூப்ளி போய்ச் சேர்ந்தது.

"புதுப் பக்கம் அச்சாகி வந்ததும் பொண்ணு வீட்டுக்கு நீ கொண்டுபோறியா?" என்று சௌஜன்யா கேட்டாள்.

"நானா? ஹெக்டே சார்தான் போகணும். அந்த அப்பாகிட்ட மிச்சத் திட்டு இன்னும் இருக்கு."

"போறேன் மகராசி, போறேன்" என்றது பின்னாலிருந்து ஹெக்டேயின் குரல்.