மாப்பிள்ளையைக் கடலுக்குக் கொண்டுபோன கதை

என் தங்கை புருஷனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. தொழில் தையல். வாசல் அறையில் மிஷின், வெட்டும் மேஜை, இஸ்திரிப்பெட்டி. அடுத்த அறையில் ஏழு மாத வயிற்றோடு என் தங்கை. ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து போய், "என்னம்மா செய்யுது?" என்று கேட்பான். ஒன்றும் செய்யவில்லை என்று அவள் சொன்னால், "ஏன் ஒண்ணும் செய்யல?" என்று அதற்கும் பயப்படுவான். போதாக்குறைக்குத் தினமும் காலையில் அளவு டேப்பால் அவள் வயிற்றை வேறு அளக்க ஆரம்பித்திருந்தான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. இரண்டு முறையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனோடு நானும்தான் நின்றேன். இந்த முறை கண்டமெல்லாம் தாண்டியாயிற்று, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இருந்தும் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. ஒரு துண்டுத் துணி வாங்கவில்லை. பெயர் வைக்கிற பேச்சை எடுத்தாலே மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போகும்.

நான் அப்படி இல்லை. நான் பஸ் டிரைவர், பதறினால் பிழைப்பு நடக்குமா? செய்ய வேண்டியதைச் செய்தேன், அவ்வளவுதான். குளியலறையில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டுக் கொடுத்தேன். நாற்காலியை இழுக்காதே என்று மாடி வீட்டுக்காரனோடு சண்டை போட்டேன். ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் பஸ்ஸை நிறுத்திவிட்டு அவளுக்கு ஒரு போன். இதற்குப் பெயர் பொறுப்பு. பயம் என்பது வேறு.

போன சனிக்கிழமை தங்கை என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அண்ணே, இவரை எங்கயாவது கூட்டிட்டுப் போ. ஒரே ஒரு ராத்திரி. இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

"எங்க கூட்டிட்டுப் போறது?"

"நீயும் மெக்கானிக் அண்ணனும் தீவுப் பக்கம் மீன் பிடிக்கப் போவீங்கல்ல, அந்தப் படகுல இவரையும் ஏத்திக்க."

"இந்தத் தடவை நான் போறதா இல்லம்மா. உன்னை இப்படி விட்டுட்டு..."

"நீயும்தான் போற. எதிர்வீட்டு நர்ஸ் வந்து என்கூடப் படுத்துக்குவா. விடியற வரைக்கும் போன் மட்டும் வரக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வேறு வழி? ஒரு ராத்திரி மாப்பிள்ளையைக் கட்டி மேய்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மெக்கானிக் எனக்குப் பள்ளிக்கூடச் சிநேகிதன். வாரம் முழுக்க பைக்குக்கு அடியில் கிடப்பான், லீவு வந்தால் கடலில் கிடப்பான். அவனுடைய படகு மூன்று பேருக்கு மேல் தாங்காது. ஒருவன் தும்மினால் மற்ற இரண்டு பேர் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதில் மாப்பிள்ளை உயிர்காப்பு ஜாக்கெட்டை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாட்டிக்கொண்டு, கையைக் கீழே போட முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

கரை மறைந்ததுமே ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான், ஒரு கோடுதான் இருக்கு."

"என்ன கோடு?"

"சிக்னல்." கொஞ்ச நேரத்தில், "மச்சான், அதுவும் போச்சு" என்றான்.

மெக்கானிக் எஞ்சின் சத்தத்துக்கு மேல் சிரித்தான். "தீவுல ஏது மாப்ள சிக்னல்? பாறை உச்சிக்கு ஏறினா லேசா வரும், அவ்வளவுதான்."

ஏதாவது அவசரம் என்றால் நர்ஸ் எப்படிக் கூப்பிடுவாள்? "இதை ஏண்டா முன்னாடியே சொல்லல?" என்று மெக்கானிக் மேல் பாய்ந்தேன்.

"நீ எப்படா கேட்ட? இத்தனை வருஷமா வர்ற, ஒரு நாளாவது இங்க வந்து போனைத் தொட்டிருக்கியா?"

உண்மைதான்.

ஆள் நடமாட்டமில்லாத சின்னத் தீவுகள் அவை. கடைசித் தீவின் மறைவில், காற்று அடிக்காத இடமாகப் பார்த்து மெக்கானிக் நங்கூரம் போட்டான். கணவாய் மீன் துண்டுகளைக் கொக்கியில் குத்தி, ஈயக்குண்டு கட்டி இறக்கினோம். முடிச்சுப் போடுவதில் மாப்பிள்ளையை யாரும் அடித்துக்கொள்ள முடியாது, தையல்காரன் விரல் அல்லவா? ஆனால் இறக்கின கயிற்றை நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தான்.

"கொஞ்சம் சும்மா விடு மாப்ள. இப்படித் தூக்கிக்கிட்டே இருந்தா எந்த மீன் வந்து கடிக்கும்?" என்றான் மெக்கானிக்.

"நல்லாச் சொல்லுடா" என்றேன்.

"உனக்கும் சேர்த்துத்தாண்டா சொல்றேன்."

பார்த்தால் என் தூண்டிலும் என் மடியில் கிடந்தது. மெக்கானிக் மட்டும் நாலைந்து பாறைமீன் பிடித்தான். இருட்டியதும் மணல் திட்டில் படகை ஏற்றிவிட்டு, ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுவிட்டு, தார்ப்பாய்க்கு அடியில் வரிசையாகப் படுத்தோம்.

"மச்சான், தூங்கிட்டீங்களா?"

"ஆமா."

"இதுவும் நிக்கலன்னா அவ தாங்கமாட்டா மச்சான். நானும் தாங்கமாட்டேன்."

அவன் தோளில் ஒரு கை வைத்திருக்கலாம். எனக்கு வந்ததோ கோபம்தான். "வாயைக் கழுவுடா! நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்று எரிந்து விழுந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னதையேதான் நானும் அவ்வளவு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எப்போதோ கண்ணயர்ந்து விழித்தபோது கிழக்கே லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் குறட்டை. சரி, பையன் நன்றாகத் தூங்குகிறான் என்று மெதுவாக எழுந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாறையில் ஏறினேன். பறவை எச்சத்தில் வழுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டதுதான் மிச்சம். சத்தியமாவது மண்ணாவது, குரலை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம். உச்சியில் நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

"மச்சான், அங்க வராது. இந்தப் பக்கம் வாங்க, ரெண்டு கோடு இருக்கு."

தூக்கிவாரிப் போட்டது. இரண்டு ஜாக்கெட்டோடு மாப்பிள்ளை ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். அப்படியென்றால் நான் கேட்ட குறட்டை மெக்கானிக்குடையது.

"எப்படா வந்த?"

"அப்பவே வந்துட்டேன் மச்சான்."

"பேசிட்டியா?"

"இல்லயே. விடியறதுக்கு முன்னாடி கூப்பிடமாட்டேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். அவ கூப்பிட்டா எடுக்கணும்ல, அதான் உக்காந்திருக்கேன்."

என் போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். பயந்தாங்கொள்ளி சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு ராத்திரியெல்லாம் குளிரில் உட்கார்ந்திருக்கிறான், காவலுக்கு வந்தவன் திருட்டுத்தனமாக ஏறி வந்திருக்கிறேன். அவன் நகர்ந்து இடம் விட்டான். உட்கார்ந்தேன். விடிந்துவிட்டதா இல்லையா என்று ஒரு சண்டை போட்டோம். வெளிச்சம் வந்தால் விடிந்த மாதிரிதான் என்றேன் நான். சூரியன் முழுசாக வெளியே வரட்டும் என்று அவன் ஒரே பிடியாக நின்றான். கடைசியில் சூரியன் தண்ணீரை விட்டு மேலே வந்தது. அவன் போனை வாங்கி நான்தான் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ம்ம், சொல்லுங்க" என்றாள். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்யுது?" என்றோம் இரண்டு பேரும்.

"பசிக்குது. வேறென்ன? நேத்து நானும் நர்ஸும் தூங்கவே இல்ல. பழைய துணியெல்லாம் எடுத்துக் குட்டிக் குட்டியா வெட்டினோம். நாங்க பாடினா உள்ள இருந்து ஒரே உதை. சிரிச்சு சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு." மெல்லுவதை நிறுத்தினாள். "உங்க முன்னாடி சிரிக்கறதுக்கே எனக்குப் பயமா இருக்குங்க. ஒரு ராத்திரியாவது சந்தோஷமா இருந்து பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு. இருந்துட்டேன்."

மாப்பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "நீ கவலைப்படாதம்மா, இனிமே இவனை நான் கண்டிச்சு வைக்கிறேன்."

"அவரையா?" என்று சிரித்தாள். "பயமா இருக்குன்னு அவராவது வாயைத் திறந்து சொல்லிடுவாரு. ரெண்டு பேரும் சேர்ந்து அழுதுட்டு வேலையைப் பார்ப்போம். உன்னை என்னண்ணே பண்றது? டிரிப்புக்கு டிரிப்பு போன் பண்ணி, 'ஒண்ணும் இல்ல, சும்மாதான்'னு சொல்வியே, அந்தக் குரலைக் கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்கும். நான் அனுப்பி வெச்சது உன்னைத்தான். உனக்குத் துணைக்குத்தான் அவரு."

மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தான். தெரிந்தே வந்திருக்கிறான், திருட்டுப் பயல்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "பயமா இருக்கும்மா" என்றேன்.

"எனக்கும்தாண்ணே. ஆனா நேத்து பேரு வெச்சுட்டேன். பையனுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு. சொல்லட்டுமா?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"சொல்லும்மா."

சொன்னாள். மாப்பிள்ளை இரண்டையும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். பிறகு நானும் சொல்லிப் பார்த்தேன், கீழே மெக்கானிக் எழுந்துகொள்கிற அளவுக்குச் சத்தமாக.