ஆயிஷாவின் கடைவாய்ப்பல்

காலையில் மகளை எழுப்பப் போன ஹுமைரா அப்படியே நின்றுவிட்டாள். ஆயிஷாவின் இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. தொட்டால் சுட்டது.

"பல்லு வலிக்குதாம்மா?"

"பல்லு வலிக்கலை. கன்னம்தான் இழுக்குது" என்றாள் ஏழு வயது ஆயிஷா.

ஹுமைராவுக்குத் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. பல்லைச் சொத்தையாக்கும் கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மூலிகைச் சாற்றில் தோய்த்த காகித வில்லைகளை அதன்மேல் வைப்பாள். கிருமி செத்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். கொய்யா இலைச் சாறு பதினான்கு மில்லிமீட்டர் வட்டம் காட்டிய வாரத்தில்தான் ஆயிஷாவுக்குக் கடைவாய்ப்பல் வலித்தது. பூதலூரில் உரக்கடை வைத்திருக்கும் அவள் கணவன் ஜாபிர், டாக்டரிடம் போகலாம் என்றான். அவள் கேட்கவில்லை. கொய்யா இலையைக் கொதிக்க வைத்து, தினம் மூன்று வேளை கொப்பளிக்க வைத்தாள். நான்காம் நாள் வலி நின்றது. "பார்த்தீங்களா?" என்று பெருமையாகக் கேட்டும்விட்டாள்.

அது போன வாரம்.

ஜாபிர் வந்து பார்த்தான். "தட்டுல செத்த கிருமி எம்புள்ள வாயில சாகலை போல."

"குத்திக்காட்டற நேரமாங்க இது? வண்டியை எடுங்க."

ஸ்கூட்டரில் இருவருக்கும் நடுவே ஆயிஷா. ரயில்வே கேட் மூடியிருந்தது. ஹுமைரா நிமிஷத்துக்கு ஒரு தரம் மகளின் முகத்தைத் திருப்பி, "எச்சி முழுங்கு, பார்க்கலாம்" என்றாள். சீழ் தொண்டைப் பக்கம் இறங்கினால் மூச்சு அடைக்கும் என்று அவள் படித்திருந்தாள். படித்தது எல்லாம் இப்போது பார்த்து நினைவுக்கு வந்தது.

"நெல்லுல குருத்துப்பூச்சிக்கு மருந்து கேட்டு வர்றவங்களுக்கு நான்தான் சொல்வேன்" என்றான் ஜாபிர், திரும்பாமல். "பூச்சி தண்டுக்குள்ள இருக்கு, இலைமேல தெளிச்சா எப்படிச் சாகும்னு. வீட்டுல சொல்லத் தோணலை பாரு."

கூட்ஸ் வண்டி மெதுவாகப் போனது. ஐம்பத்தெட்டு பெட்டிகள்.

பல் டாக்டர் ஃபிளோரா ஆயிஷாவின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள். "என்ன குடுத்தீங்க?"

ஹுமைரா தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆய்வகம் என்று சொல்லும்போது குரல் உள்ளே போயிற்று.

"கொய்யா இலைமேல தப்பில்லைங்க. ஓட்டை நரம்பு வரைக்கும் போயிருக்கு, கொப்பளிக்கற தண்ணி அங்க எட்டாது. வலி நின்னுச்சுன்னீங்களே, அன்னைக்கு நரம்பு செத்திருக்கு. சீழ் அதுக்கப்புறம் சத்தமில்லாம வேலை பார்த்திருக்கு."



மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்து சீழை வெளியேற்றினாள் டாக்டர். பிறகு நீலப் பேனாவால் வீக்கத்தின் ஓரத்தை ஒட்டி, தாடையோரம் ஒரு கோடு இழுத்தாள். "இந்த ஆன்டிபயாடிக் சிரப்பை வேளை தவறாம குடுங்க. வீக்கம் இந்தக் கோட்டைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கினாலோ, முழுங்க முடியலைன்னாலோ யோசிக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி."

அன்று முழுக்க ஹுமைரா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சமயம் வீக்கம் தாண்டிவிட்டது போலிருந்தது. இன்னொரு சமயம் இல்லை. மறுநாள் விடிந்ததும் கணவனை எழுப்பினாள்.

"நீங்க பாருங்க. நான் பார்த்தா எனக்கு வேணுங்கறதுதான் தெரியும்."

ஜாபிர் மகளை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போனான். தாடையை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"ஒரு விரல் அகலம் உள்ள வாங்கியிருக்கு. தோல்கூடச் சுருங்குது பாரு."

"நிஜமாவா?"

"நான் உரக்கடைக்காரன். இருக்கறதைத்தான் சொல்வேன்."

ஆயிஷா பசிக்கிறது என்றாள். ஹுமைரா கஞ்சி வைக்கப் போகும் முன் டாக்டரைப் போனில் கூப்பிட்டாள்.

"வீக்கம் குறைஞ்சிருக்கு டாக்டர். வலி இல்லைங்கறா. ஆனா அதை நான் நம்பலை. எத்தனை மணிக்கு கூட்டிட்டு வரட்டும்?"