வீட்டில் ஆண்ட்டி மட்டும்

காலிங் பெல் அடித்தபோது நான் காவ்யாவுக்கு ஆப்பம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மணி பத்தரை. காவ்யா எங்கள் வீட்டு அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் நாக்பூர்ப் பெண். ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். பெல் சத்தம் காதில் விழுந்ததும்தான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை ரூம் காலி, வாங்க என்று புதன்கிழமை போன் போட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னவள் நான். வெள்ளிக்கிழமை காவ்யா இன்னும் ஒரு வாரம் இருக்கிறேன் என்றாள். சந்தோஷமாய்த் தலையாட்டிவிட்டு, அவரிடம் வர வேண்டாம் என்று சொல்ல மறந்தவளும் நான்தான். கட்டின புருஷனை வீட்டுக்கு வராதே என்று சொல்லக்கூட ஒரு ஞாபகசக்தி வேண்டியிருக்கிறது பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் இந்த ஆப்பம்தான் காரணம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் கீர்த்தி பெங்களூரு வேலைக்குப் போனபோது, அவள் அறை சும்மாதானே கிடக்கிறது என்று, வாடகைக்கு அறை விடுகிற ஒரு மொபைல் ஆப்பில் அவளே ஏற்றிவிட்டாள். புனே தாபோடியில் இருக்கும் இந்த ஃப்ளாட்டின் கடன் அவள் பேரில் ஓடுகிறது, அதற்கு ஒரு கை கொடுத்த மாதிரி இருக்கும் என்றாள். முதலில் வந்தது மகர்பட்டாவில் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு சின்னப்பெண். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து முகம் வாடிப்போய் நின்றாள். வந்த பிள்ளைக்கு ஒரு வாய் சாப்பாடு கொடுப்பதற்குக் கணக்கா பார்ப்பார்கள்? ஆப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்தேன். அவள் அதைப் போட்டோ எடுத்து, ஆண்ட்டி தன் கையால் செய்து தந்தார் என்று எழுதி, ஐந்து ஸ்டாரும் போட்டுவிட்டுப் போனாள். நானும் பூரித்துப்போனேன். அடுத்து வந்தவள் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டாள், “ஆண்ட்டி, ஆப்பம்?”

டிசம்பர் மாசம் புனே குளிரில் மாவு பொங்காது. ஒருநாள் வேறு வழியில்லாமல் அவலை நனைத்து போஹா கிண்டிக் கொடுத்தேன். படத்தில் இருந்தது கிடைக்கவில்லை என்று எழுதி ஒரு ஸ்டாரைப் பிடுங்கிக்கொண்டாள் ஒருத்தி. அன்றைக்கே இவருடைய ஸ்வெட்டரைக் கேட்டு வாங்கி மாவுப் பாத்திரத்தைச் சுற்றி வைத்தேன். இவரும் கழற்றிக் கொடுத்தார். அப்புறம் ஜன்னலுக்குக் கனமான திரை கேட்டார்கள், போட்டேன். ஹோட்டல் மாதிரி வெள்ளை விரிப்பு கேட்டார்கள், வாங்கினேன். கருவாட்டு வாடை அடிக்கிறது என்றார்கள். நெத்திலிக் கருவாடு இந்த வீட்டுக்குள் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒன்று செய்து முடித்தால் அடுத்தது ஒன்று தயாராக நிற்கும். யாரும் அதிகாரமாகக் கேட்டதில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு நல்லபடியாகத்தான் கேட்டார்கள்.

கடைசியில் அமைதி கேட்டார்கள்.

இவர் இருதயராஜ், கிர்க்கி ஃபேக்டரியில் முப்பத்துநாலு வருஷம் எலக்ட்ரீஷியன். ரிட்டயர் ஆன பிறகு இருமல் பிடித்துக்கொண்டது. விடிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் அரை மணி நேரம், குளிரில் ஸ்டார்ட் ஆகாத பஸ் மாதிரி இழுத்து இழுத்து இருமுவார். அங்கிள் நல்ல மனுஷர், ஆனால் தூங்க முடியவில்லை என்று ஒருத்தி எழுதினாள். அடுத்த மாசம் இன்னொருத்தி அந்த நல்ல மனுஷரை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதினாள்.

கீர்த்தி போனில் வந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், கை மாவாக இருந்தது.

“மம்மி, இன்னொரு ரிவ்யூ இந்த மாதிரி வந்துச்சுன்னா நம்ம பேஜ் கீழ போயிரும். அப்புறம் யாரும் பாக்கவே மாட்டாங்க. டாடிக்கு ஏதாச்சும் பண்ணுங்க.”

இவர் கேலரியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். சாயங்காலம் டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார், “நான் ஒரு பத்து நாளைக்குத் தளேகாவ்ல அக்கா வீட்ல போயி இருக்கேன் பவுனு. அவளும் கூப்ட்டுக்கிட்டேதான் இருக்கா.”

எங்கேயும் போக வேண்டாம், வருகிறவள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். “மாத்திரையெல்லாம் எடுத்து வைக்கவா?” என்றுதான் கேட்டேன்.

அவர் போன மறுநாள் கீர்த்தி பேஜை மாற்றினாள். வீட்டில் ஆண்ட்டி மட்டும், பெண்களுக்குப் பாதுகாப்பான அமைதியான இடம் என்று போட்டாள். அதற்கப்புறம் வந்ததெல்லாம் ஐந்து ஸ்டார்தான். பத்து நாள் நாலு மாசம் ஆகிவிட்டது. முதல் வாரம் ஐந்து மணிக்கு எனக்கு விழிப்புத் தட்டும். இருமல் வரவில்லையே என்று படுத்தபடியே காத்திருப்பேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. யார்மேலாவது கோபம் வருமா என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. இரண்டாவது வாரம் விழிப்பும் வரவில்லை. மாசத்துக்கு ஒருநாள், ரூம் காலியாக இருக்கும்போது லோக்கல் ட்ரெயின் பிடித்து வருவார். ஒருவேளை சாப்பிட்டுவிட்டு, அடுத்தவள் வருவதற்குள் கிளம்பிவிடுவார். அதுவும் பழகிவிட்டது. என்ன செய்ய.

இப்போது பெல் அடித்தது. சாவி அவரிடம் இருக்கிறது. வாசலில் காவ்யாவின் செருப்பைப் பார்த்திருப்பார், அதனால்தான் பெல்லை அழுத்தியிருக்கிறார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் காவ்யா எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் கொய்யாப்பழம். இளைத்திருந்தார்.

“கௌன்?” என்று, யார் நீங்கள் என்கிற மாதிரி கேட்டாள் காவ்யா. அவர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார். அவள் இரண்டடி பின்னால் வந்து என் பக்கம் திரும்பினாள். “யாராவது வருவதாக இருந்ததா, ஆண்ட்டி? நீங்கள் மட்டும்தானே இருக்கிறீர்கள்?” என்று இந்தியில் கேட்டாள். குரலில் திமிர் இல்லை, லேசான பயம்தான் இருந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பேஜைப் பார்த்து நம்பி வந்த பிள்ளை.

அன்றைக்குக் காலையில்தான் அவள், கீசரில் சுடுதண்ணி வர லேட் ஆகிறது என்று சொல்லியிருந்தாள். பேச்சை முடிப்பதற்காக, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்று நானும் சொல்லி வைத்திருந்தேன். அது அப்படியே வாயில் வந்துவிட்டது.

“கீசர் பாக்க வந்தவரு,” என்றேன். இந்தியில்தான் சொன்னேன். அவருக்கு இந்தி என்னைவிட நன்றாக வரும்.

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறியிருந்தால் தேவலை. “ஹாங்ஜி, மேடம்” என்று காவ்யாவிடம் தலையாட்டினார். செருப்பைக் கழற்றி, எப்போதும் விடுகிற ஸ்டாண்டில் விடாமல், படிக்கட்டுப் பக்கம் ஒதுக்கி விட்டார். கொய்யாப் பையையும் வெளியிலேயே வைத்தார். உள்ளே வந்து என் முன்னால் நின்று கேட்டார்.

“பாத்ரூம் கிதர் ஹை, மேடம்?”

அந்த கீசரை வாங்கி வந்து, ஸ்டூலில் ஏறி நின்று, தன் கையால் மாட்டியவர். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

காவ்யா நிம்மதியாகப் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். நான் ஆப்பத்தையும் தேங்காய்ப்பாலையும் கொண்டுவந்து வைத்தேன். பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. முழுசாகத் திறந்துவிட்டிருந்தார், தண்ணீர் பக்கெட்டில் தடதடவென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில், துண்டை வாயில் வைத்து அமுக்கின மாதிரி, அவர் இருமிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் கேட்டது. காவ்யா ஆப்பத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, சூப்பர் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நேரம் போயிற்று. பக்கெட் நிரம்பி, தண்ணீர் தரையில் வழிகிற சத்தம் வந்தது.

“ஆண்ட்டி, தண்ணீர் ரொம்ப நேரமாகப் போகிறதே,” என்றாள்.

“செக் பண்றாரு,” என்றேன்.