உடையாத தகட்டுக்கு ஓர் அம்புக்குறி

1

இந்தக் கதை பொறாமையில் தொடங்கியது. எங்கள் ஆய்வுக்கூட இயந்திரம் மெல்லிய எவர்சில்வர் தகட்டை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, எப்போது உடைகிறதென்று பார்க்கும். அந்தத் தகடுகளைப் பற்றவைத்துத் தருகிற வெல்டர் அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

(முதலில் 'துருப்பிடிக்காத எஃகு' என்று எழுதினேன். பாடப்புத்தகம் காதலிப்பதுபோல இருந்தது.)

2

வேறு தொடக்கம்: அவருடைய கண்கள்

வேண்டாம். எனக்கு நன்றாகத் தெரிந்தது அவர் பற்றவைத்த இணைப்பின் ஓரம்தான். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும்.

3

கடைசித் தகட்டின் சோதனை முடிந்ததும் அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார். அந்தத் தகட்டுக்கு எவ்வளவு விசை கொடுப்பது என்பது என் தீர்மானம். அதிகம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் உடையும். குறைத்து வைத்தேன்.

"என்ன மேடம், தடவிக் கொடுக்கறீங்களா?" என்றார்.

"குறைஞ்ச விசையிலயும் ஒண்ணு பார்க்கணும்." பொய்யில்லை.

"ஆமாமா, ரொம்ப அவசியம்," என்றாள் பக்கத்து மேசை அக்கா, தலையைத் தூக்காமலே.

4

கதையில் 'நான்' என்று வருகிற இந்தப் பெண் ஏன் வாயைத் திறப்பதில்லை? (பாத்திரம் சரியாக அமையவில்லையோ?) மெல்லிய தகடு பற்றவைக்கும் சூட்டில் லேசாக வளைந்துவிடும். இயந்திரத்தின் பிடியில் இறுக்கினால் நேராகத் தெரியும். நேராக்கிய விசை உள்ளேயே இருக்கும். அதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் விடை தப்பு.

இயந்திரத்தின் இரைச்சலில் எதுவும் கேட்காது என்பது அவள் சாக்கு.

5

"இன்னும் உடையலையா?" அவர் கத்தித்தான் கேட்டார்.

"இல்லை."

"நல்லா பத்தவச்சது என் தப்பு. டிக்கெட்டை ரெண்டு தடவை மாத்திட்டேன்."

"போயிருக்கலாமே! முடிவை போன்ல சொல்லியிருப்பேனே."

"போன்லயா?" என்றார். பிறகு, "நேர்ல பார்க்கணும்."

எதை என்று சொல்லவில்லை.

6

முதல் முடிவு: தகடு உடைகிறது. இரண்டு துண்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு அவர் போகிறார்.

இரண்டாம் முடிவு: நான் சொல்கிறேன், "நீங்க

(இந்த வாக்கியம் பல நாளாக இங்கேயே நிற்கிறது.)

7

ஒரு கோடி முறை இழுத்தும் உடையாவிட்டால் நிறுத்திவிடுவோம். வரைபடத்தில் அந்தத் தகட்டின் புள்ளிக்கு வலப்பக்கம் ஓர் அம்புக்குறி போடுவோம். இன்னும் போயிருக்கும், எவ்வளவு தூரமென்று தெரியாது என்று அர்த்தம்.

இன்று கோடி நிறைந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பார்வை தகட்டின் மேல் இல்லை. பொத்தானை அழுத்துகிறேன். இரைச்சல் நிற்கிறது. இனி மெதுவாகச் சொன்னாலும் கேட்கும்.

வாசிக்கிறவரே, அம்புக்குறிவரைதான் என் வேலை. அதற்கு அப்பால் உங்களுக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

"நீங்க →