மிதிக்கக் கனமா இருக்கு

“காசால தட்டிப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சே ஆகணும்,” என்றாள் அவள்.

கணவரை அடக்கம் செய்துவிட்டு ஆட்கள் திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாடி வீடு நிறையச் சொந்தக்காரர்கள். இதைப் பேச அவர்களில் ஒருவரும் இல்லாமல், கீழே வண்டி நிறுத்துமிடத்தில் சைக்கிள் மெக்கானிக்கோடு நின்றாள். நேற்றுக் காலை சாலையோரம் கணவர் விழுந்த இடத்திலிருந்து சைக்கிளை எடுத்து வைத்திருந்து, இப்போது கொண்டுவந்தவர் இவர்தான்.

மாரடைப்பு, விழுவதற்கு முன்பே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாத்தனார் கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னது வேறு: “அவன் ஸ்டீல் சைக்கிள்தான் கேட்டான். இவதான் பிடிவாதமா கார்பன் வாங்க வச்சா. எங்க ஒடிஞ்சு தொலைச்சுதோ!”

அதில் பாதி உண்மை. கடையில் இரண்டு ஃபிரேம்களையும் வைத்துக்கொண்டு அரை நாள் மல்லுக்கட்டினார்கள். ஸ்டீல் அடிபட்டால் நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் உள்ளுக்குள்ளே விரிசல் விட்டு, வெளியே பளபளவென்று இருக்கும் என்பது அவர் கட்சி. அறுபது வயதுக்கு எடை குறைவானதே நல்லது என்பது அவள் கட்சி. வழக்கம்போல அவள்தான் ஜெயித்தாள்.

மெக்கானிக் குனிந்து குழாய் குழாயாகத் தட்டினார். விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கி வருமாம். எல்லா இடத்திலும் கணீரென்றே வந்தது.

“ஒரு கீறல்கூட இல்லம்மா. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

அவளுக்கு மூச்சு வந்தது. அவர் போன மறுநாளே தான் தப்பித்ததற்கு ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது.

காசைச் சட்டைப்பையில் போட்டபடி மெக்கானிக் சொன்னார்: “சார்கிட்டயும் இதத்தான் சொன்னேன். இந்த மாசம் மூணு தடவ கொண்டுவந்துட்டாரு. ‘மிதிக்கக் கனமா இருக்குப்பா, எங்கயோ பிடிக்குது பாரு’ன்னு. பிரேக்கக் கழட்டிப் பாத்தேன், பேரிங் மாத்தினேன், செயினுக்கு எண்ணெ விட்டேன். வண்டியில ஒண்ணுமே இல்ல.”

அவளிடமும் கணவர் சொல்லியிருந்தார். இரண்டு வாரமாக, ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “உன் கார்பன் மிதிக்கவே கனமா இருக்குடி” என்று. “ஆரம்பிச்சுட்டீங்களா? ஸ்டீல் வாங்கலன்னு இன்னும் எத்தன நாளைக்குக் குத்திக் காட்டுவீங்க?” என்று சிரித்துக்கொண்டே குளிக்க விரட்டினாள். அவரும் சிரித்தார்.

“என்கிட்டயும் சொன்னாரு,” என்றாள் இப்போது.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

மாடியிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை.

மெக்கானிக் சைக்கிளின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, சக்கரத்தை ஒரு விரலால் தள்ளிவிட்டார். சத்தமே இல்லாமல் அது சுற்றியது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது நிற்கிற வழியாக இல்லை.