ஒன்பதாம் கேள்விக்கு ஒரு கதை

1

இந்தக் கதை கூலிக்குப் பிறந்தது. ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், தன் பாலிசியில் வரும் சொற்களை எல்லாருக்கும் புரிகிற மாதிரி விளக்கிச் சிறு புத்தகம் எழுதித் தரச் சொன்னது. சொல்லுக்கு ஒரு குட்டிக் கதை என்பது என் யோசனை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

'கேஷ்லெஸ்' சுலபமாக முடிந்தது: மருத்துவமனைக்கு நிறுவனமே நேராகக் கட்டிவிடும். (அதற்கு ஒரு குடலிறக்கக்காரர் வருகிறார். அவர் நமக்கு வேண்டாம்.) அடுத்த சொல்லில் மாட்டிக்கொண்டேன்: 'முன்பே இருந்த நோய்'.

2

முதல் தொடக்கம்: "ஒரு தச்சருக்கு ரத்த அழுத்தம். அதை அவர்..."

நிறுத்திவிட்டேன். எனக்குத் தச்சர் யாரையும் தெரியாது. தெரிந்தது என் அக்காள் கணவரை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அடுத்தவர் மறந்த பிரேக்கைப் பக்கத்து இருக்கையிலிருந்து மிதிப்பதே பிழைப்பு.

அவரும் இந்தப் பாலிசி எடுக்கப்போகிறார். போன வாரம் கேட்டார்.

"மாப்ள, பொண்டாட்டிக்குத் தெரியாத நோய் இதுல சேருமா?"

"பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே டாக்டர் சொல்லியிருந்தா சேரும் மாமா."

"சொல்லி ரெண்டு வருஷமாச்சு. உங்க அக்காகிட்ட சொன்னா அன்னிக்கே உப்பை நிறுத்திடுவா."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. அதற்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறார். மாத்திரைகள் செருப்புப் பெட்டிக்குள்.*

* என்னிடம் அப்படித்தான் சொன்னார்.

3

விளக்கத்துக்கு வருவோம். விண்ணப்பத்தில் ஒன்பதாம் கேள்வி: முன்பே நோய் உண்டா? 'உண்டு' என்றால் காத்திருப்புக் காலம். அந்த நோய்க்கு மட்டும் சில வருடம் பணம் தரமாட்டார்கள், அப்புறம் தருவார்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டு நாளைக்கு மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தால், பழைய மருந்துச் சீட்டைத் தோண்டியெடுத்துக் கையை விரித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப்போவது அக்கா. எனக்குப் பயமாக இருந்தது.

"உண்டுன்னே போடுங்க மாமா."

"ஃபார்மை உங்க அக்கா படிப்பாளே."

படிப்பாள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. பேருந்துச் சீட்டைக்கூடப் பிழை பார்க்காமல் கசக்க மாட்டாள். என் புத்தகத்தின் மெய்ப்பும் அவளிடம்தான் போகும். இது என் மண்டையில் உறைத்தபோது, மாமாவின் கதையை நான் தலையில் கட்டிவிட்ட தச்சர் தன் செருப்புப் பெட்டியோடு அவள் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

4

மெய்ப்பு திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு சிவப்புத் திருத்தம். 'செருப்புப் பெட்டிக்குள்' அடிக்கப்பட்டு, மேலே 'பழைய ஹெல்மெட்டுக்குள்' என்று இருந்தது.

ஓடினேன்.

"எப்பலேர்ந்துக்கா தெரியும்?"

"ஒன்றரை வருஷமா. அப்பவே உப்பைப் பாதியாக்கிட்டேன். மனுஷன் இன்னும் கண்டுபிடிக்கல."

"கேட்டிருக்கலாமே."

"அவர் வாயால வரட்டும்னு இருக்கேன்." சிவப்புப் பேனாவை மூடினாள். "வராமலே போயிடுமோன்னுதான் கவலையா இருக்குடா."

5

முடிவு அ: நான் மாமாவிடம் உடைத்துவிடுகிறேன். அவர் நிம்மதியாக 'உண்டு' போடுகிறார். (பாலிசி பிழைக்கும். அக்கா காத்திருந்தது வீண்.)

முடிவு ஆ: நான் சொல்லவில்லை. அவர் 'இல்லை' என்று எழுதி, இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் பாடம் நடத்தும்போது...

இதை முடிக்க மாட்டேன். என் அக்கா அவள்.

முடிவு இ: இப்போது காலை பத்து மணி. முகவர் தண்ணீர் குடிக்கிறார். மேசையில் விண்ணப்பம், எட்டுக் கேள்விகள் முடிந்துவிட்டன. மாமா என்னைப் பார்க்கிறார், அக்கா ஜன்னலைப் பார்க்கிறாள். விண்ணப்பத்தின் தலையில் ஒரு வரி இருக்கிறது, அதற்கும் நான்தான் விளக்கம் எழுதினேன்: 'விண்ணப்பதாரர் தம் கைப்பட நிரப்ப வேண்டும்.' பிறர் நிரப்பக் கூடாது. நானும்தான், நீங்களும்தான்.

மாமா பேனாவைக் கீழே வைக்கிறார். எழுந்து, ஹெல்மெட் இருக்கும் அலமாரிப் பக்கம் ஒரு அடி வைக்கிறார்.

நான் நாற்காலியை இழுத்து வழிவிடுகிறேன். நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.