கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர்

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட இது மரியாதை. எப்படி ஒட்டுக்கேட்டேன் என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் தைரியம் வந்துவிடும்.

விஸ்கான்சினில் ஆளுநர் தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. ஓ கிளேர் ஊரில், ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் தொலைபேசி அறை. இன்னும் வீட்டுக்கு வீடு சுவரில் தொலைபேசி தொங்கிய காலம். ஐம்பது எண்களுக்குக் கூப்பிட்டால் நான்கு பேர் பேசுவார்கள். மற்றவர்கள் எங்கள் குரல் கேட்டதுமே வைத்துவிடுவார்கள். அந்த நான்கு பேருக்கு நான் ஒழுங்காக நன்றி சொன்னதே இல்லை. தாளில் அச்சடித்திருந்த நன்றியைப் படிக்க வைத்தேன், அவ்வளவுதான். இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பாக்கிதான் காரணம்.

2

முதல் தொடக்கம்: "அக்டோபர் மாதத்து மேப்பிள் இலைகள் செக்கச்செவேலென்று…"

வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

இரண்டாவது: "மக்களாட்சி என்பது ஒவ்வொரு தனி மனிதனின்…"

[அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.]

மூன்றாவது: லுவான் பிலார்ஸ்கிக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது.

இது நிற்கட்டும். லுவானுக்கு ஐம்பத்து நான்கு வயது. காலையில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். பிற்பகலிலிருந்து எங்கள் அறையில் ஃபோன். ஒன்பது வருடமாக இதே வேலை, இதே நாற்காலி. தாளில் இருப்பதை இருக்கிறபடி வாசிக்க வேண்டும். ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. எதிராளி என்ன சொன்னாலும் "நன்றி" என்று மட்டும் சொல்லலாம். போன வாரம் ஒரு பெண்ணின் பதிலுக்கு அவள் "நல்லது" என்று சொல்லிவிட்டாள். அது பதில் சொல்பவரை ஒரு பக்கம் சாய்க்கும் என்று அவள் பெயரில் ஒரு குறி விழுந்தது. இன்னொரு குறி விழுந்தால் தேர்தல் முடியும்வரை ஃபோனைத் தொட முடியாது. பின்னறையில் தாள் அடுக்க வேண்டியதுதான். அந்தப் பேச்சை எடுத்தாலே அவள் முகம் சுண்டிவிடும். முகம் தெரியாத மனிதர்களோடு பேசுவதில் அவளுக்கு அத்தனை ஆசை.

3

ஃபோனை எடுத்தவரிடமே கேள்வி கேட்டால் கணக்கு கோணிவிடும். எந்த வீட்டிலும் ஃபோனை எடுக்க ஓடி வருபவர் ஒரே ஆள்தான். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு.

"உங்க வீட்டுல பதினெட்டு வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல, யாருக்குக் கடைசியா பிறந்தநாள் வந்துச்சோ, அவங்ககிட்ட நான் பேசலாமா?" என்று லுவான் வாசித்தாள்.

எதிர்முனையில் ஒரு கிழவர் கொஞ்சம் யோசித்தார். "அது ஆர்டிஸ்தான். என் சம்சாரம். செப்டம்பர் பத்தொம்போது. எனக்கு மார்ச்லயே முடிஞ்சுது."

"அவங்க இருக்காங்களா சார்?"

"இப்ப இல்லம்மா."

"எப்ப கூப்பிட்டா கிடைப்பாங்க?"

"அதை என்னால சொல்ல முடியலையே."

லுவான் வியாழன் ஆறு மணி என்று குறித்துக்கொண்டாள். வியாழனன்று அவரே எடுத்தார். "இன்னும் வரலம்மா. இங்க ஒரே மழை. அங்க எப்படி?" என்றார். இந்த மாநிலத்தில் யாரும் சட்டென்று ஃபோனை வைக்க மாட்டார்கள். விடைபெறுவதற்கே பத்து நிமிடம் ஆகும். லுவான் சனிக்கிழமைக்குக் குறித்தாள்.

இடைவேளையில் என்னிடம் சொன்னாள்: "பாவம் மனுஷன். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு தங்கச்சி வீட்டுல போய் உக்காந்திருக்கா போல. இவரு வெளிய சொல்ல வெக்கப்படுறாரு."

(உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. "எப்ப கூப்பிட்டா கிடைப்பாங்க" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்பவர்களுக்கு அந்தக் கேள்வி காதில் விழுவதே இல்லை.)

4

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். டெரில் என்று ஒரு மேற்பார்வையாளரைப் படைத்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, காதில் கருவி மாட்டி, பிறர் பேசுவதை ஒட்டுக்கேட்டுக் குறி போடுகிறவன். மெல்லிய உதடு, ஈரமில்லாத கண், எப்போதும் அழுத்தமாகச் சீவிய…

டெரில் என்று யாரும் இல்லை. அது நான்.

"நல்லது" என்ற சொல்லுக்குக் குறி போட்டதும் நான்தான். சம்பளமே ஒட்டுக்கேட்பதற்குத்தான் கொடுத்தார்கள். யார் பேச்சைக் கேட்கிறேன் என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாது. என் பக்கத்திலிருந்து பேசவும் முடியாது. கேட்க மட்டுமே முடியும். அந்தச் சனிக்கிழமை மாலை நான் லுவானின் இணைப்பைத் திருப்பினேன். கிழவரின் மனைவி திரும்பி வந்துவிட்டாளா என்று தெரிந்துகொள்ளும் வம்பு ஆசைதான். உயர்வாக எதுவும் நினைத்துவிடாதீர்கள்.

5

"மூணு தடவை கூப்பிட வெச்சுட்டேன், மன்னிச்சுக்கம்மா" என்றார் அவர். "என் பேரு நார்பர்ட். ஆர்டிஸ் செப்டம்பர் நாலாம் தேதி செத்துப்போயிட்டா."

லுவான் தாளைப் பார்த்தாள். இதற்கு அதில் வரி இல்லை. "ஆனா சார்… பிறந்தநாள் பத்தொம்போதுன்னு சொன்னீங்களே."

"வந்துச்சே. அவ இல்லன்னா அது வராம நின்னுடுமா? கடைசியா யாருக்கு வந்துச்சுன்னுதானே கேட்ட. பொய் சொல்ல வேணாமேன்னு இருந்தது."

"ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்றாள். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், "அப்ப கேள்வியெல்லாம் உங்ககிட்டதான் கேக்கணும்" என்றாள்.

"என்கிட்டயா? என்னை யாரும் ஒண்ணும் கேட்டு ரொம்ப நாளாச்சு. கேளு."

வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டா? உண்டு. போன தேர்தலில் போட்டீர்களா? "நாப்பத்தொரு வருஷத்துல ஒண்ணுகூட விட்டதில்ல." எங்கே போய்ப் போடுவீர்கள்? "டவுன் ஹால்ல. குப்பை கொட்டுற இடத்துக்குப் பக்கத்துல."

நான்காவது கேள்வி. "ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க. பத்துன்னா இந்தத் தேர்தல்ல கண்டிப்பா ஓட்டுப் போடுவேன். ஒண்ணுன்னா கண்டிப்பா போட மாட்டேன்."

"மூணு" என்றார்.

தாளில் அதற்கு நேரே இருந்தது: நன்றி கூறி முடிக்கவும். ஏழுக்குக் கீழே சொல்பவரை எங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓட்டுப் போடப் போகாதவரின் கருத்து முடிவைக் கெடுக்கும். நியாயமான விதிதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். யாருக்கு ஓட்டு என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வரும். ஆகவே நார்பர்ட் எந்தக் கட்சி என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"உங்கள் நேரத்துக்கு நன்றி" என்று லுவான் வாசித்தாள்.

"அவ்ளோதானா? ஏன் மூணுன்னு கேக்க மாட்டியா?"

கேட்கக்கூடாது. ஆனால் அவள் ஃபோனை வைக்கவும் இல்லை.

"நானும் அவளும் எதிரெதிர் கட்சி" என்றார் நார்பர்ட். "நாப்பத்தொரு வருஷமா ஒரே வண்டியில போவோம். என் ஓட்டை அவ அழிப்பா, அவ ஓட்டை நான் அழிப்பேன். அப்புறம் போய் ஆப்பிள் வெச்சுச் சுட்ட பை ஒரு துண்டு வாங்கி ரெண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். 'பேசாம வீட்டுல கிடந்தா பெட்ரோலாவது மிச்சம்'னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவா. ஆனா கோட்டை முதல்ல மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறதும் அவதான். இப்ப நான் மட்டும் போனா என்னோடது அழியாம நிக்கும். அவ இல்லாத நேரம் பாத்து ஏமாத்துன மாதிரி. அது முறையில்லம்மா."

கண்ணாடி வழியாக லுவானின் முதுகு தெரிந்தது. அவள் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"சார், நீங்க எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் தினமும் இந்த மாநிலம் பூரா ஃபோன் பண்றவ. நீங்க எந்தப் பக்கமா இருந்தாலும் சரி, உங்க ஓட்டை அழிக்க இங்க பாதிப் பேரு வரிஞ்சு கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஆர்டிஸ் வேலையைப் பாக்க ஆளுக்குப் பஞ்சமே இல்ல."

அந்தப் பக்கம் முதலில் இருமலாகத்தான் கேட்டது. பிறகுதான் சிரிப்பு என்று புரிந்தது.

"பாதிப் பேரா?"

"நாப்பத்தெட்டுக்கு நாப்பத்தொம்போதுன்னு போயிட்டிருக்கு சார்."

ஒரே மூச்சில் இரண்டு விதிமீறல். வாக்காளரிடம் சொந்தமாகப் பேசியது ஒன்று, வெளிவராத கணிப்பைச் சொன்னது இன்னொன்று. என் கையில் பேனா இருந்தது.

"இதை ஆர்டிஸ் காதால கேட்டிருக்கணும்" என்றார் நார்பர்ட். பிறகு, "அந்த ஒண்ணுலேருந்து பத்துங்கற கேள்விய இன்னொரு தடவை வாசி" என்றார்.

அவராகக் கேட்டால் வாசிக்கலாம். லுவான் தாளை நிமிர்த்தினாள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், கட்டிய தொண்டையோடு நிதானமாக வாசித்தாள்.

6

அவர் பதில் சொல்வதற்குள் நான் கருவியைக் காதிலிருந்து கழற்றிவிட்டேன். ஏன் என்று பல காரணங்கள் எழுதிப் பார்த்தேன். [நாகரிகம் என்று எழுதி அடித்தேன். பயம் என்று எழுதி அதையும் அடித்தேன்.] அது எனக்குச் சொல்லப்படும் பதில் இல்லை என்று தோன்றியது, அவ்வளவுதான். லுவானின் முதுகைப் பார்த்தால் பேச்சு தொடர்கிறதா முடிந்ததா என்று தெரிந்துவிடும். எழுந்து போய்க் காபி ஊற்றிக்கொண்டேன்.

பிறகு என் படிவத்தில் எழுதினேன்: "பதிலளிப்பவர் கேட்டுக்கொண்டதால் நான்காம் கேள்வி மீண்டும் வாசிக்கப்பட்டது. விதிமீறல் இல்லை." முதல் வாக்கியம் உண்மை. பிறந்தநாள் கேள்விக்குக்கூடப் பொய் சொல்லாத மனிதரைப் பற்றிய தாளில் நான் இரண்டாவது வாக்கியத்தை எழுதினேன். அதற்காக நான் வருந்தவில்லை. லுவான் தேர்தல்வரை அதே நாற்காலியில் இருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவளுக்கு இன்றும் தெரியாது. லுவான், இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டினால், நன்றி. அந்த அறையில் ஒருத்தியாவது கேள்வியைக் காதில் வாங்கினாள்.

7

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

(அ) நார்பர்ட் கோட்டை மாட்டிக்கொண்டு டவுன் ஹாலுக்குப் போகிறார். ஓட்டுப் போடுகிறார். பிறகு கடையில் அதே ஆப்பிள் பை ஒரு துண்டு கேட்கிறார். பரிமாறுகிறவள் பழக்கத்தில் இரண்டு முள்கரண்டி வைக்கிறாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே நம்ப மறுக்கிறேன்.

(ஆ) போகவில்லை. ஆர்டிஸின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து வானொலியில் முடிவு கேட்கிறார். இதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

(இ) போகிறார். திரை மறைவில் நின்று, தன் கட்சியை விட்டுவிட்டு, ஆர்டிஸின் ஓட்டைப் போட்டுவிட்டு…

இதை முடிக்க எனக்குத் துணிவில்லை.

எங்கள் கணிப்பு வெளிவந்தது. ஓட்டுப் போடக்கூடியவர்கள் இத்தனை பேர் என்று அதன் அடியில் சின்ன எழுத்தில் ஓர் எண் இருந்தது. இரண்டாவது தடவை அவர் ஏழோ அதற்கு மேலோ சொல்லியிருந்தால் அவரையும் சேர்த்து 611, இல்லாவிட்டால் 610. அந்தத் தாள் இன்றும் என் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. எண் கண்ணில் படாதபடி அந்த மூலையை மடித்து ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி. ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள். பத்து என்றால் நார்பர்ட் கண்டிப்பாகப் போயிருப்பார். ஒன்று என்றால் கண்டிப்பாகப் போயிருக்க மாட்டார். வேண்டுமானால் இன்னொரு தடவை வாசிக்கிறேன். நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் "நல்லது" என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை.

இதுவரை வைத்துவிடாமல் இருந்தீர்கள். நன்றி. இந்தத் தடவை தாளைப் பார்த்துப் படிக்கவில்லை.